பதினான்காம் தட்டு நீலம்

“ஆள் கம்பி நீட்டிட்டான். அதுக்கு ஆதாரத்தையும் அவனே பேப்பர்ல போட்டுக் குடுத்துட்டுப் போயிருக்கான்,” என்றார் ஹாலிஸ்.

ஒரு பத்திரிகைத் துண்டை மேசைக்குக் குறுக்கே தள்ளினார். அதன் மேல் பென்சிலால் ஆங்கில அர்த்தம் எழுதியிருந்தது. பக்கத்தில் அகராதி கவிழ்ந்து கிடந்தது. ஃபின்லாந்தின் எஸ்போவுக்கு ஆய்வகத் தலைவராக வந்து ஐந்து மாசமாகியும் மனிதர் அகராதியை விட்டு வெளியே வரவில்லை.

துப்பறியும் இங்கெரி மேடம் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி வாசித்தார். இரண்டே வரி.

‘டாக்டர் தௌனோ ரந்தகாரிக்கு வரும் சனிக்கிழமை ஐம்பது வயது. பயணத்தில்.’

மேடம் சிரித்தார். அவரிடம் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம். அவர் சிரித்து நான் பார்த்தது இதற்கு முன் ஒரே தடவை. அன்றைக்கு நான் பனியில் வழுக்கி விழுந்திருந்தேன்.

“என்ன சிரிப்பு?” என்றார் ஹாலிஸ்.

“முதல்ல காணாமப் போனதைச் சொல்லுங்க,” என்றார் மேடம்.

ஹாலிஸ் எங்களை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். நீளமான அறை, சுவரோடு இரும்பு அலமாரி, தட்டுத் தட்டாகக் கண்ணாடித் தகடுகள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்தான். கண்ணாடி மேல் கண்ணுக்கே தெரியாத மெல்லிய படலங்கள் அடுக்கடுக்காக இருக்கும். மின்சாரம் கொடுத்தால் படலம் தானாகவே ஒளிரும். பின்னாலிருந்து விளக்கு அடிக்க வேண்டியதில்லை. மஞ்சள் பத்து வருஷமாகக் கைவசம். மஞ்சளை வடிகட்டிச் சிவப்பு, அப்புறம் பச்சை, அதெல்லாம் வந்துவிட்டது. நீலம் மட்டும் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. நீலம் இல்லாமல் வண்ணத்திரை இல்லை. வந்த நீலமெல்லாம் இருநூறு மணி நேரத்தில் மங்கிச் செத்தது.

பதினான்காம் தட்டில் இருந்தது மட்டும் சாகவில்லை. ஆகஸ்ட் மாதம் ஏற்றியது, அணையாமல், மங்காமல் எரிந்துகொண்டே இருந்தது. மூவாயிரம் மணி நேரம் தாங்கினால் வண்ணத்திரை உறுதி என்று எல்லோரும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்தத் தட்டு காலி. அதைச் செய்த ரந்தகாரியையும் காணோம்.

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருந்தது. திங்கட்கிழமை இல்லை. ஆள் ஒரு வாரம் லீவு. பேப்பர்ல பயணம்னு போட்டிருக்கான். ஜப்பான்காரன் இதுக்கு என்ன வேணும்னாலும் குடுப்பான்,” என்றார் ஹாலிஸ். “நாலு மணிக்குப் போலீசுக்கு போன் பண்ணப்போறேன். அதுக்கு முன்னால அவன் எந்த நாட்டுல இருக்கான்னு நீங்க சொன்னா நல்லது.”

“வீட்டுக்கு போன் பண்ணீங்களா?”

“பண்ணேன். யாரோ எடுத்தாங்க. மூச்சு விட்டாங்க. வெச்சுட்டாங்க.”

“நீங்க எந்த மொழியில பேசினீங்க?”

“இங்கிலீஷ்லதான்.”

“அவருக்கு இங்கிலீஷ் தெரியுமா?”

ஹாலிஸ் யோசித்தார். இதை அவர் இதுவரை யோசித்ததே இல்லை என்று முகம் சொன்னது.

“சரி, வீட்டுக்கு ஆள் அனுப்பினீங்களா?”

“அளவுப் பிரிவு ரெய்னோவைப் போகச் சொன்னேன். முடியாதுன்னுட்டான். ஏன்னு கேட்டா, ‘அவர் பயணத்துல இருக்கார்’ங்கறான். அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

மேடம் இந்தத் தடவை சிரிக்கவில்லை. “மிஸ்டர் ஹாலிஸ், இந்த ஊர்ல ஐம்பது வயசானா யாரையும் கூப்பிடத் தேவையில்லை. தெரிஞ்சவன், பாதி தெரிஞ்சவன் எல்லாம் பூங்கொத்தோட வாசல்ல வந்து நிப்பான். அது வேணாம்னு நினைக்கிறவன் ‘பயணத்தில்’னு பேப்பர்ல போடுவான். போட்டுட்டுத் திரையை இழுத்து மூடிட்டு வீட்டுலயே உக்காந்திருப்பான்.”

“அப்போ அது பொய்யா?”

“மரியாதை.”

“இவங்க எல்லாருக்கும் அவன் வீட்டுல இருக்கறது தெரியுமா?”

“இங்கே வேலை பாக்கற பதினோரு பேருக்கும்.”

“ஏன் ஒருத்தரும் என்கிட்ட சொல்லல?”

“நீங்க பேப்பர்ல என்ன போட்டிருக்குன்னு மட்டும் கேட்டிருப்பீங்க. அதை மட்டும் சொல்லியிருப்பாங்க,” என்றேன் நான். நான் கிழக்கே சாவோ பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் வாயை மூடுவது தூங்கும்போது மட்டும்தான். தெற்கே வந்து இந்த ஊமைகளோடு காலம் தள்ளுவது எனக்குச் சிறைவாசம்.

மேடம் பத்திரிகைத் துண்டை இன்னொரு தடவை பார்த்தார். “இவர் டாக்டரா?”

“இல்லை. கண்ணாடித் தொழிற்சாலையில இருந்து வந்த டெக்னீஷியன். பட்டமே கிடையாது.”

மேடம் துண்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

காப்பி அறையில் பன்னிரண்டு மேசைகள், பதினோரு ஆட்கள். மேசைக்கு ஒருவராக, எல்லோரும் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டாவது மேசை யாருடையது என்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அளவுப் பிரிவு ரெய்னோவின் எதிரில் மேடம் உட்கார்ந்தார். அந்த மனிதர் யாரோ தன் வீட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்தது மாதிரி நெளிந்தார்.

“அந்தத் தகட்டைத் திருடினவன் அதை என்ன பண்ணுவான்?”

“உடைச்சுப் பாப்பான். படலம் எதால ஆனதுன்னு தெரிஞ்சுக்க வேற வழியில்லை.”

“உடைச்சா?”

“ஸ்ட்ரான்ஷியம் சல்ஃபைடு. காத்துல இருக்கற ஈரம் பட்டாலே நாசம். அழுகின முட்டை நாத்தம் வரும். அதுக்குத்தான் பின்னால இன்னொரு கண்ணாடி வெச்சு ஒட்டி மூடியிருக்கு.” ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில் அவருக்கு இரைத்தது.

காப்பிக் கெண்டியோடு செயலாளர் அய்ரி எழுந்து வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கையால் பின்னிய சாம்பல் ஸ்வெட்டர். மேடத்தின் கோப்பையில் ஊற்றிக்கொண்டே, கோப்பையிடம் சொல்வதுபோல் சொன்னார்: “டாக்டர் அப்படிப்பட்டவர் இல்லை.”

“சனிக்கிழமைக்கு அப்புறம் யாராவது அவரைப் பாத்தீங்களா? போன் பண்ணீங்களா?”

“பேப்பர்ல போட்டிருந்ததே,” என்றார் அய்ரி. பத்துத் தலைகள் ஆமாம் என்று ஜன்னலைப் பார்த்து ஆடின.

பஸ் பிடித்தோம். ரந்தகாரி வீடு ஆறு நிறுத்தம் தள்ளி. ஓட்டுநரிடம் நான் வாயைக் கொடுத்தேன்.

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்த நிறுத்தத்துல ஒரு மனுஷன் ஏறினாரா? ஐம்பது வயசு, கையில சாமான்?”

“நீலப் பைக்காரரா?”

“நீலப் பையா?”

“பை பழுப்புத்தான். உள்ளே நீலமா எரிஞ்சது. பக்கத்துல ஒரு மோட்டார் சைக்கிள் பேட்டரி, ஒரு பெட்டி, ஒயர். மடியில குழந்தை மாதிரி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. பஸ்சே நீலமாயிடுச்சு.”

“யாரும் என்னன்னு கேக்கலையா?”

ஓட்டுநர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எதுக்குக் கேக்கணும்? அவர் டிக்கெட் எடுத்திருந்தாரு.”

மேடத்தின் காதில் கிசுகிசுத்தேன். “ஆகத் திருடன் அவர்தான்.”

“அணையாம எடுத்துட்டுப் போயிருக்காரு, ஒஸ்மோ. திருடறவன் முதல்ல விளக்கை அணைப்பான்.”

இரண்டாம் மாடி. கதவில் ‘ரந்தகாரி’ என்று பித்தளைப் பெயர்ப்பலகை. மணி அடித்தோம். பதில் இல்லை. நான் குனிந்து கதவில் தபால் போடும் துவாரத்தைத் தள்ளிப் பார்த்தேன். உள்ளே தரையெல்லாம் நீலமாக இருந்தது. கூடவே குப்பென்று ஒரு வாடை வந்து மூக்கில் அறைந்தது.

“மேடம்,” என்றேன். “அழுகின முட்டை.”

மேடமும் முகர்ந்தார். முகம் இறுகியது. தகடு போயிற்று என்றால் நீலத்துக்காகப் பாடுபட்ட ஏழு வருஷ உழைப்பு போயிற்று. ரந்தகாரி திருடன் என்பதும் முடிவாயிற்று. மணி ஒன்று ஐம்பது.

“எரியற தகடு நாறாது. நாறுற தகடு எரியாது,” என்றார் மேடம் சட்டென்று. “ரெண்டும் ஒண்ணா இருந்தா, முட்டை வேற, தகடு வேற.” துவாரத்தில் வாயை வைத்தார். “தௌனோ ரந்தகாரி! பிறந்தநாள் வாழ்த்து சொல்ல வந்திருக்கோம். நாலு நாள் லேட்.”

உள்ளே சங்கிலி விலகியது.

உயரமான ஆள். கறுப்பு சூட், வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை. புதன்கிழமை மதியம் தன் வீட்டுக்குள் தனியாக இருக்கும் மனிதனுக்கு எதற்கு டை என்று கேட்க வாயெடுத்தேன். அவருக்குப் பின்னால் இருந்த மேசையைப் பார்த்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது.

சுவரிலிருந்து சுவர் வரை மேசை. நாற்பது கோப்பைகள் தட்டோடு அடுக்கியிருந்தன. அரிசிக் கஞ்சி வைத்துச் சுட்ட கரேலிய அடைகள், ஓரம் சுருண்டு, செருப்புத் தோலாகக் காய்ந்து கிடந்தன. பெரிய கிண்ணத்தில் அடை மேல் தடவும் முட்டை வெண்ணெய், நாலு நாள் பழசு. வாடை அதிலிருந்துதான். எல்லாவற்றுக்கும் நடுவில், ஒரு சின்னத் தாங்கியில் நிறுத்திய கண்ணாடித் தகட்டில், நீலம் எரிந்தது. நான் பார்த்த எந்த நீலத்தோடும் அதை ஒப்பிட எனக்கு வரவில்லை. அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

“எடுத்துப் போட்டிருக்கலாமே, இதையெல்லாம்,” என்றார் மேடம் மெதுவாக.

“போடணும்,” என்றார் அவர். “நாளைக்கு, நாளைக்குன்னு...”

“தகட்டை எதுக்குக் கொண்டுவந்தீங்க?”

“அவங்க யாரும் இருட்டுல இதைப் பாத்ததே இல்லை. அங்கே டியூப் லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். வந்தாங்கன்னா திரையை மூடிட்டுக் காட்டலாம்னு நினைச்சேன். லீவுன்னாலும் திங்கட்கிழமை காலையிலேயே வந்து திருப்பி வெச்சுடறதாத்தான் இருந்தேன்.” கைகளைப் பார்த்துக்கொண்டார். “ஒருத்தரும் வரலை. அப்புறம் எந்த மூஞ்சியோட அங்கே போறது?”

“ஹாலிஸ் போன் பண்ணினாரே?”

“யாரோ இங்கிலீஷ்ல கத்தினாங்க. ராங் நம்பர்னு நினைச்சேன்.”

தகட்டுக்குப் பக்கத்தில் ஒளிமானியும் ஆய்வகத்து நோட்டும் இருந்தன. சோதனை அணையக் கூடாது, அளவும் விடக் கூடாது. மனிதர் இரண்டு மணிக்கொரு தடவை குறித்திருந்தார். மேடம் பக்கம் புரட்டினார், நான் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். நேரம், மின்னழுத்தம், பிரகாசம், ஈரப்பதம். கடைசிக் கட்டம், ‘அறையில் ஆட்கள்’. மனித மூச்சிலும் ஈரம் இருக்கிறதாம், அதனால் ஆய்வகத்தில் அதையும் எழுதியாக வேண்டும்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணி: 1. இரண்டு மணி: 1. நாலு மணி: 1. ஆறு மணி: 1. ஞாயிறு: 1, 1, 1, 1, 1. பக்கம் முழுக்க அந்த ஒன்றுதான். எனக்கும் வீட்டில் யாருமில்லை. என் நோட்டும் இப்படித்தான் இருக்கும், நான் எழுதவில்லை என்பதுதான் வித்தியாசம்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு. நோட்டை மேடத்திடமிருந்து மரியாதையாக வாங்கி, அளவெடுத்து, கடைசிக் கட்டத்தில் 3 என்று எழுதினார்.

மேடம் பைக்குள் கைவிட்டுப் பத்திரிகைத் துண்டை எடுத்து அவர் முன் வைத்தார். “இது நீங்க போட்டதில்லை.”

அவர் வாசித்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. “நான் டாக்டர் இல்லியே,” என்றார்.

“தெரியும். தன் விளம்பரத்துல தனக்கே பட்டம் குடுத்துக்கற ஃபின்லாந்துக்காரன் இன்னும் பிறக்கலை. உங்களை டாக்டர்னு கூப்பிடறது யாரு?”

மனிதரின் காதுமடல் சிவந்தது. எனக்கு அப்போதுதான் காப்பிக் கெண்டி ஞாபகம் வந்தது. என் காதுபடத்தான் அய்ரி சொன்னார். நான் ஏலக்காய் பன்னில் மும்முரமாக இருந்துவிட்டேன்.

“அப்போ இதைப் பாத்துட்டுத்தான் அவங்க வரலையா?” என்றார் தௌனோ.

“இதைப் பாத்துட்டுத்தான்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பியபோது குரல் சரியாக இருந்தது. “நான்தான் போட்டேன்னு சொல்லிடறேன்.”

“நீங்க போட்டதுன்னா, திட்டம் போட்டு ஒளிஞ்சதா ஆகும். தகடும் உங்க கையில. ஹாலிஸ் நாலு மணிக்குப் போலீசைக் கூப்பிடுவாரு. தகட்டுக்கு வேற யாராவது பேர் போட்டுக்குவாங்க. உங்க பேருக்குத் திருடன்தான் மிச்சம்.”

“இருக்கட்டும். அய்ரி நல்லது நினைச்சுத்தான் செஞ்சிருப்பாங்க. அவங்களுக்கு இது தெரியக் கூடாது.” மேசையைக் காட்டினார். “இந்தக் கோப்பையெல்லாம்.”

மேடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மனிதர் அசையவில்லை. பேட்டரியை மாட்டி, தகட்டைப் பையில் வைத்து, மேலங்கியைப் போட்டுக்கொண்டார். திரும்பி வந்த பஸ்சும் நீலமாகத்தான் வந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

மூன்றே முக்கால். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அலமாரி அறையில் பதினோரு பேரும் நின்றிருந்தார்கள். ஹாலிஸ் கையில் போன் ரிசீவர் இருந்தது.

ரெய்னோ பையை வாங்கி, தகடு ஒரு கணம்கூட அணையாமல் பதினான்காம் தட்டில் இணைத்தார். பின்கண்ணாடி ஓரத்தை விரலால் தடவினார். “ஒட்டு உடையலை.” ஒளிமானி வைத்தார், நோட்டோடு ஒப்பிட்டார். “ரெண்டாயிரத்து இருநூத்தி முப்பது மணி. இடையில விட்டதே இல்லை. சோதனை செல்லும்.”

ஹாலிஸ் முகம் கொஞ்சம் தளர்ந்தது. ரிசீவரை மட்டும் வைக்கவில்லை. “தகடு தப்பிச்சது நல்லது. ஆனா ஒருத்தன் முன்கூட்டியே பேப்பர்ல போட்டுட்டுத் தகட்டைத் தூக்கிட்டுப் போனா, அதுக்குப் பேர் வேற. இந்த விளம்பரத்தை அவன்தான் போட்டானான்னு கேளு.”

இரண்டு பக்கத்துக்கும் நான்தான் மொழிபெயர்ப்பாளன். கேட்டேன்.

“நான்தான் போட்டேன்,” என்றார் தௌனோ.

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் தரையைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பேச்சு வரவில்லை. அந்தப் பொய்யை ஆங்கிலத்தில் சொன்னால் அந்த மனிதரின் கதை முடிந்தது.

“என்ன சொல்றான்?” என்றார் ஹாலிஸ். விரல் போன் எண்களின் மேல் இருந்தது.

“அவர் பொய் சொல்றார்,” என்று ஆங்கிலத்தில் ஒரு குரல் வந்தது. அய்ரி. ஸ்வெட்டர் நுனியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். “நான்தான் போட்டேன்.”

“நான்தான் போடச் சொன்னேன்,” என்றார் ரெய்னோ. “போன வருஷம் எனக்கு ஐம்பது ஆனப்போ நாப்பது பேர் வந்தாங்க. குளியலறையில போய்த் தாழ் போட்டுக்கிட்டேன். இவருக்காவது அந்தத் தொல்லை வேணாம்னு நினைச்சேன்.”

“நானும் சேந்துதான்,” என்றது இன்னொரு குரல். அப்புறம் இன்னொன்று. கடைசியில் பதினோரு பேருக்கும் அதில் பங்கு இருந்தது. எல்லோரும் சேர்ந்து அவருக்குக் கொடுத்த பிறந்தநாள் பரிசு அது.

தௌனோ அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

ஹாலிஸ் ரிசீவரை வைத்தார். கொஞ்ச நேரம் அந்தப் பதினோரு பேரையும் கறுப்பு சூட் ஆளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கோபமே இல்லாமல், புரியாத குழந்தை கேட்பதுபோல் என்னிடம் கேட்டார். “ஏன், உங்கள்ல ஒருத்தர்கூட அவர்கிட்டயே கேக்கலை? வரலாமா வேணாமான்னு?”

மொழிபெயர்த்தேன். பதினோரு பேரும் தங்கள் காலணியைப் பார்த்தார்கள். அறையில் மின்பெட்டிகள் ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தன.

தௌனோதான் பேசினார், பதினான்காம் தட்டைப் பார்த்தபடி.

“கேட்டிருந்தா, நானும் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்.”

அதை நான் ஹாலிஸுக்கு மொழிபெயர்க்கவில்லை.